வயல் வீட்டுக்குச் சரளைப் பாதை: மழைக்கு முன் செய்ய வேண்டியவை

பூந்தமல்லி, திருமழிசை, வெள்ளவேடு, ஆவடி, திருநின்றவூர் வட்டாரங்களில் ஊருக்குள் இடம் போதாமல் தம் சொந்த நிலத்திலேயே வீடு கட்டிக்கொள்ளும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். கறவை மாடு, கீரைப் பாத்தி, மோட்டார் செட் ஆகியவற்றை அருகிலிருந்தே கவனித்துக்கொள்ள இது வசதியானதே. ஆனால் வீடு ஊர்ச் சாலையிலிருந்து 200 அடியோ 300 அடியோ உள்ளே அமைந்துவிடுகிறது. வீட்டுக்கு மதிப்பீடு போடும்போது செங்கல், சிமென்ட், கம்பி எல்லாம் கணக்கில் வரும், பாதை வராது. வீடு முடிந்தபின் கையிலிருக்கும் மீதிப் பணத்தில் நான்கு லாரி கிராவலை வரப்பின்மேல் கொட்டிப் பரப்பிவிட்டால் பாதை ஆயிற்று என்று எண்ணிவிடுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் அந்தக் கிராவல் சேற்றுக்குள் இறங்கிவிடும். அதிகாலையில் பால் கேன் ஏற்றிய வண்டி நடுவழியில் சிக்கும். பறித்த கீரை கோயம்பேடு போகாமல் திண்ணையிலேயே வாடும். நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துப் போக வந்த 108 வண்டி சாலையோரத்திலேயே நிற்க, கட்டிலில் வைத்துத் தூக்கிச் செல்ல நேரும். ஆகவே பாதையும் வீட்டின் ஒரு பகுதியே. அதை முறையாக அமைக்கும் வழியை இங்குக் காண்போம்.

பாதையைத் தாங்குவது எது?

பாதையைத் தாங்குவது மேலே கொட்டும் கல் என்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில் வண்டியின் எடையைத் தாங்குவது கல்லுக்கு அடியிலுள்ள நிலம்தான். கல் அந்த எடையைப் பரப்பிக் கொடுப்பதோடு, மேல் நீர் அடிநிலத்தில் இறங்காமலும் தடுக்கிறது. 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் சாலைகளைச் சீர்திருத்திய ஜான் மெக்காடம் என்பவர் வற்புறுத்திச் சொன்னது இதைத்தான். அடிநிலம் உலர்ந்திருந்தால் எவ்வளவு எடையையும் தாங்கும். எனவே சாலையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்தி, நீரை வெளியேற்றி, உடைத்த சிறு கற்களை நெருக்கமாகப் பரப்பினால் போதும் என்பது அவர் முறை. 6 அவுன்சுக்கு, அதாவது ஏறக்குறைய 170 கிராமுக்கு மேற்பட்ட கல்லை அவர் சாலையில் சேர்க்க விடவில்லை. நம் ஊர்க் கப்பி ரோடுகள் அவர் முறையின் வழிவந்தவையே.

களிமண் உலர்ந்திருக்கும்போது பாறைபோல் இருக்கும். ஊறிவிட்டால் வெண்ணெய்போல் ஆகிவிடும். ஊறிய களிமண்மேல் சக்கரம் ஏறும்போது ஒவ்வொரு முறையும் சேறு கல்லிடுக்கின் வழியாக மேலே வரும். கல் கீழே இறங்கும். பின்னும் பத்து லாரி கொட்டினாலும் இதே கதைதான். எனவே செலவைக் கல்லில் தொடங்கக்கூடாது. நீரை வடிப்பதில் தொடங்க வேண்டும். இக்கட்டுரையில் விவசாய அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய ஒரே கருத்து இதுதான்.

நம் பகுதியின் மழையும் மண்ணும்

இப்பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதுவும் சில நாட்களில் சேர்ந்து கொட்டுவதுண்டு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் பெருகியதும் அப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய மழையைத்தான் நம் பாதை சந்திக்க வேண்டும்.

மண் இடத்துக்கு இடம் மாறும். செங்குன்றம் என்னும் பெயரே அங்குள்ள செம்மண்ணையும் செம்பாறையையும் சொல்கிறது. அத்தகைய மேட்டுப்பாங்கான புஞ்சையில் நீர் விரைவில் வடியும்; பாதை அமைப்பது எளிது. ஏரிப் பாசன ஆயக்கட்டிலுள்ள நஞ்சைகளோ பெரும்பாலும் களிப்பாங்கானவை. அங்குக் கூடுதல் முயற்சி தேவை. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாபோல் தள்ளிப் பாருங்கள். 2 அங்குலத்துக்கு மேல் உடையாமல் நீண்டால் அது நல்ல களிமண். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணற்பாங்கு. பாதை போகும் வழியில் மூன்று நான்கு இடங்களில் ஓர் அடி ஆழத்தில் மண் எடுத்து இவ்வாறு பார்க்க வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

குறுக்கு வழி குறைந்த செலவு என்பது எப்போதும் சரியன்று. பள்ளத்தின் குறுக்கே 200 அடி போவதைவிட மேட்டோரமாக 260 அடி போவது நீடித்து நிற்கும். மழை பெய்யும் நாளில் குடையை எடுத்துக்கொண்டு ஒருமுறை நிலத்தைச் சுற்றி வந்து, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வைப்பது மிக நல்லது.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்து, பாதை முழுதும் பட்டா நிலத்திலேயே போகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வாய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய், ஓடை ஆகியவற்றைத் தூர்த்துப் பாதை போடக்கூடாது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007 முதல் தனிச் சட்டமே உள்ளது. வாய்க்காலைக் கடக்கக் குழாய் போடுவதாயிருந்தால் ஊராட்சியிடமோ நீர்வளத் துறையிடமோ எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். ஊர்ச் சாலையோடு சேரும் இடத்துக்கும், அச்சாலை யாருடையதோ அவர்களிடம் அனுமதி தேவை. பங்காளியின் நிலத்தில் சிறிது தூரம் போக வேண்டியிருந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்றைய உறவு நாளைய வாரிசுகளுக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது.

வழியில் பனைமரம் இருந்தால் பாதையைச் சற்று வளைத்துப் போடலாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்துள்ளது. வெட்டாமல் விட்டால் அதன் வேர் வரப்பையும் காக்கும்.

அகலமும் வளைவும்

டிராக்டர், டிப்பர் லாரி, ஆம்புலன்ஸ் ஆகியவை போய்வர 10 அடி அகலம் போதும். வாயிற்கதவு 12 அடிக்குக் குறையக்கூடாது. திருப்பத்தில் உள்வளைவின் ஆரம் 30 அடியாவது இருந்தால்தான் டிரெய்லரோடு டிராக்டர் திரும்பும். வீட்டு முன் வண்டி திரும்ப இடம் விட மறக்கக்கூடாது. லாரி 300 அடி பின்னோக்கியே போக நேர்ந்தால் பாதை ஓரங்கள் சிதையும்.

சிக்கனம் கருதுவோர் மேட்டுச் செம்மண் நிலத்தில் இரு சக்கரத் தடங்களுக்கு மட்டும் 3 அடி அகலத்தில் சரளை போட்டு நடுவே புல் வளர விடலாம். களிமண்ணில் இம்முறை கூடாது, தடங்களே வாய்க்கால்களாகிவிடும்.

வடிகாலே முதல் வேலை

பாதைக்கு இருபுறமும் ஓரடி ஆழம், மேலே ஒன்றரை அடி, அடியில் அரை அடி அகலமுள்ள வடிகால் எடுக்க வேண்டும். 300 அடி நீளத்துக்கு இரண்டு வடிகாலிலும் சேர்த்து 600 கன அடி, அதாவது 6 யூனிட் மண் கிடைக்கும். செம்மண்ணாயிருந்தால் இதையே பாதையை உயர்த்தப் பயன்படுத்தலாம். களிமண்ணாயிருந்தால் பாதையில் போடாமல் வயல் வரப்புக்குக் கொண்டுபோகலாம். வடிகாலுக்கு 100 அடிக்கு அரை அடியாவது வாட்டம் இருக்க வேண்டும்.

பாதையின் நடுப்பகுதி ஓரங்களைவிட இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு நீளச் சட்டமும் ரசமட்டமும் கொண்டு பத்தடிக்கு ஒருமுறை சரிபார்த்தல் அவசியம். நடுவில் உயரமில்லாத பாதையில் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் குழி விழும்.

பாசன வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் ஹியூம் பைப் பதிக்க வேண்டும். வயல் வாய்க்காலுக்கு ஓரடிக் குழாய் போதுமென்றாலும் இரண்டடிக் குழாய் போட்டால் அடைப்பெடுப்பது எளிது. குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் அடிமட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். உயர்த்திப் போட்டால் மேல்வயலில் நீர் தேங்கும். தாழ்த்திப் போட்டால் வண்டல் அடைக்கும். குழாயின் மேல் ஓரடி மண்மூட்டம் தேவை. இருமுனைகளிலும் கல் கட்டு அமைத்தால் கரை அரிக்காது.

பெருமழையின்போது நீர் குறுக்கே பாயும் தாழ்வான இடத்தைக் கரைபோல் உயர்த்தி அடைத்துவிடக்கூடாது. அங்குப் பாதையைத் தாழ்வாகவே விட்டு, தரைப்பாலம்போல் பெருங்கற்களைப் பதித்துச் சிமென்ட் கலவையால் இறுக்கிவிடலாம். ஆண்டுக்கு இரண்டொரு நாள் நீர் அதன்மேல் வழிந்தோடும். மற்ற நாட்களில் வண்டி போகும். நம் பாதை அடுத்தவர் நெற்பயிருக்கு அணையாக நின்றால், அவர் ஒருநாள் இரவில் மண்வெட்டியோடு வந்து அதை வெட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

என்ன பொருள், எவ்வளவு?

கிராவல் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே தரமானதன்று. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு கிராவலும் மீதி நீரும் விட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் கல், அதன்மேல் மணல், அதற்கும் மேல் களி எனப் படியும். மேலடுக்குக்கு ஏற்ற கிராவலில் கல் பாதிக்கு மேலும், மணல் மூன்றில் ஒரு பங்கும், களியும் வண்டலும் பத்தில் ஒரு பங்கு அளவும் இருப்பது நல்லது. களி அறவே இல்லையானால் கல் பிடிப்பின்றிச் சிதறும். மிகுந்தால் மழையில் வழுக்கும். ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு அழகாயிருந்தாலும் உருண்டையாயிருப்பதால் சக்கரத்தடியில் உருளும். உடைத்த கல் மட்டுமே ஒன்றோடொன்று கொளுவி நிற்கும்.

நம் பகுதிக்கு ஜல்லி பெரும்பாலும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் கிரஷர்களிலிருந்து வருகிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குச் சார்னகைட் என்று 1893ல் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலறிஞர் பெயரிட்டார். கடினமான இவ்வினக் கல் சாலைக்கு மிக ஏற்றது.

கிராவல், சவுடு ஆகியவை சிறு கனிமங்கள். 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதியின்றி எடுப்பது குற்றம். லாரிக்காரரிடம் நடைச்சீட்டு உண்டா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஏரியில் திருட்டுத்தனமாக வெட்டியதை வாங்கினால், நம் பாசனத்தை நாமே பறிகொடுத்தவர்களாவோம். இன்னொரு செய்தியும் உண்டு. 1863ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழியில்தான் பழைய கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்திலும் அத்தகையவை கிடைத்தன. அவற்றில் மிகப் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ல் அறிவிக்கப்பட்டது. எனவே சரளையில் கைக்கோடாரிபோல் வடிவமைந்த கல் தென்பட்டால் ஜல்லியோடு சேர்த்து மிதித்துவிடாமல் பூண்டி அருங்காட்சியகத்தில் காட்டுவது நம் கடமை.

300 அடி நீளம், 10 அடி அகலப் பாதைக்கான கணக்கைப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. இறுக்கும்போது பொருள் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாக வாங்க வேண்டும்.

செம்மண் புஞ்சையில்: கிராவல் அடுக்கு இறுகியபின் 6 அங்குலம். இதற்கு 15 யூனிட்டும் கால் பங்கும் சேர்த்து ஏறக்குறைய 19 யூனிட். மேலடுக்கு 3 அங்குலம். முக்கால் ஜல்லி, கால் ஜல்லி, கிரஷர் தூள் ஆகியவற்றோடு சிறிது செம்மண்ணும் கலந்தது. இதற்கு ஏழரை யூனிட்டும் கால் பங்கும் சேர்த்து ஒன்பதரை யூனிட். மொத்தம் ஏறக்குறைய 28 யூனிட். 3 யூனிட் லாரியில் 9 அல்லது 10 நடை.

களிமண் நஞ்சையில்: மேற்கண்டவற்றுக்கு அடியில் 9 அங்குல உயர்த்தும் அடுக்கு வேண்டும். அடி அகலம் 12 அடியாக வைத்தால் 27 யூனிட்டும் கால் பங்கும் சேர்த்து 34 யூனிட் குவாரிக் கழிவுக் கல்லோ மணற்பாங்கான கிராவலோ தேவை. களிமண்ணுக்கும் இந்த அடுக்குக்கும் இடையே விரிப்பு ஒன்று போட்டால் சேறு மேலேறாது. இதற்கெனச் செயற்கை இழை விரிப்புகள் உள்ளன. தென்னை நாரில் நெய்த கயிற்று விரிப்பும் உதவும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் இதைப் பயன்படுத்த 2020ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. சில ஆண்டுகளில் அது மக்கிவிடும். ஆனால் அதற்குள் மண் இறுகிவிடும்.

வாங்கக்கூடாதவை

எம் சாண்ட் கழுவிய சேற்றை மண் என்று சொல்லி மலிவாகக் கொட்டுவோர் உண்டு. அது மழையில் குழம்பாகும். நகரில் இடித்த கட்டடக் கழிவில் கண்ணாடி, ஆணி, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு ஆகியவை கலந்திருக்கும். மாட்டின் குளம்பையும் டயரையும் பதம் பார்க்கும். பொறுக்கியெடுத்த கான்கிரீட் துண்டுகளை மட்டும், சிறிதாக உடைத்து, அடியடுக்கில் போடலாம்.

போடும் முறை

தை முதல் வைகாசி வரை நிலம் உலர்ந்திருக்கும் காலமே ஏற்றது. முதலில் புல், வேர், மேல்மண் ஆகியவற்றை அரை அடி ஆழத்துக்கு வழித்தெடுக்க வேண்டும். அந்த மேல்மண் பொன் போன்றது; கீரைப் பாத்திக்கும் தென்னைக்கும் போடுங்கள். பிறகு அடிநிலத்தைச் சமன் செய்து, நீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும்.

கிராவலை ஒரே அடுக்காகக் கொட்டி இறுக்கினால் மேலே மட்டும் இறுகும். பரப்பும்போது 5 அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குதல் வேண்டும். ஈரப்பதம் சரிதானா என்றறிய ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்க வேண்டும்; கையில் நீர் ஒட்டக்கூடாது. 8 முதல் 10 டன் ரோலர் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாலே 300 அடிக்குப் பெரும்பாலும் போதும். அது கிடைக்காவிடில் மண் ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டரைத் தடம் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டலாம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இறுக்கி வர வேண்டும்.

செலவு மிச்சமாக ஒரு யோசனை. வீட்டு வேலை தொடங்கும் முன்பே வடிகால், குழாய், அடியடுக்கு ஆகியவற்றை முடித்துவிடுங்கள். செங்கல், மணல் லாரிகள் அதன்மேல் போய்வரும்போது எங்கே பலவீனம் என்பது தெரிந்துவிடும். அமிழ்ந்த இடங்களைச் சரிசெய்து, வீடு முடிந்தபின் மேலடுக்கைப் போட்டால் பாதை நிலைத்து நிற்கும். மேலடுக்கை முதலிலேயே போட்டால் கட்டுமான லாரிகள் அதைக் குலைத்துவிடும்.

பாதை நீரை வீணாக்காதீர்

10 செ.மீ. மழை பெய்தால் 3,000 சதுர அடிப் பாதையில் விழும் நீர் ஏறக்குறைய 28,000 லிட்டர். இதன் பெரும்பகுதி வடிகாலுக்கு வரும். வடிகாலின் முடிவில் பண்ணைக்குட்டை வெட்டி அதில் சேர்த்தால் தை மாதத்தில் கத்தரிக்கும் மல்லிகைக்கும் ஒரு தண்ணீருக்காவது உதவும். வடிகாலின் சரிவில் வெட்டிவேர் நட்டால் அதன் ஆழமான வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

பராமரிப்பு

டிராக்டரைக் கேஜ் வீலோடு சரளைப் பாதையில் ஓட்டக்கூடாது; ஒருமுறை ஓட்டினாலே மேலடுக்கு கிழிந்துவிடும். சங்கிலிச் சக்கர அறுவடை இயந்திரத்தைப் பாதைமேல் திருப்பக்கூடாது. நேராக வயலில் இறக்கித் திருப்ப வேண்டும்.

குழி விழுந்தால் நீர் நிற்கும் குழியில் அப்படியே ஜல்லியைக் கொட்டுவதால் பயனில்லை. நீரை இறைத்து, குழியைச் சதுரமாக வெட்டி, சேற்றை அகற்றி, ஈரக் கிராவலை இரண்டு அடுக்காகப் போட்டுத் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில் வடிகாலைத் தூர்வாரி, குழாயின் அடைப்பெடுத்து, ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை டிராக்டர் லெவலரால் நடுவுக்கு இழுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் செய்யும் இவ்வேலை, பத்து லாரி கிராவலின் செலவை மிச்சப்படுத்தும்.

பணம் குறைவாக இருப்பின் ஜல்லியைக் குறைத்துக்கொள்ளலாம், அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மேலடுக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியும் வைக்கலாம். வடிகாலையும் குழாயையும் மட்டும் தள்ளிப்போடக்கூடாது. வடிகாலை வெட்டக் குடும்பத்தார் உழைப்பே போதும். அதற்கு லாரியும் வேண்டாம், கடனும் வேண்டாம். வரும் பருவமழைக்கு முன் அதையாவது முடித்துவிட்டால், அடைமழை நாளிலும் வீட்டு வாசல்வரை வண்டி வந்து சேரும்.